தூதரகம் இல்லாதவர்கள்

அமெரிக்க நிருபர் எட்கர் ஆன்சல் மௌரரை பெர்லினைவிட்டுக் கிளம்பச் சொன்னவர்கள் நாஜிகள் மட்டுமில்லை. அவர்மேல் அக்கறை கொண்டவர்களும் அதையேதான் சொன்னார்கள். 1933 ஆகஸ்ட் மாதக் கடைசியில், வாஷிங்டனிலிருந்த ஜெர்மன் தூதர் ஹான்ஸ் லூதர் மூலமாக அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு ஒரு சேதி போனது. மௌரர்மேல் ஜெர்மன் மக்கள் கடும் கோபத்தில் இருக்கிறார்கள், அந்தக் கோபம் நியாயமானது, இனிமேல் அவருடைய பாதுகாப்புக்கு அரசால் உத்தரவாதம் தர இயலாது என்பது அதன் சாரம். கைது ஆணை எதுவும் இல்லை. நாட்டைவிட்டு வெளியேறும்படி முத்திரை குத்திய காகிதமும் இல்லை. பெர்லினில் பொறுப்பேற்று ஏழு வாரம்கூட நிறையாத அமெரிக்கத் தூதர் வில்லியம் டாட், போய்விடுவதே நல்லது என்று மௌரரிடம் எடுத்துச் சொன்னார். மௌரர் வேலைபார்த்த ‘சிகாகோ டெய்லி நியூஸ்’ பத்திரிகை அவரை வேறு ஊருக்கு மாற்றியது. முதலில் டோக்கியோ என்று பேச்சு, கடைசியில் பாரிஸ். செப்டம்பர் 1ஆம் தேதி அவர் ரயிலேறினார். இந்த வரிசையில் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் மிரட்டலை அனுப்பியவர்கள் மட்டும்தான். மற்ற எல்லோரும் ஒரு மனிதனின் உயிரைப் பற்றி உண்மையாகவே கவலைப்பட்டார்கள். ஆனால் முடிவில் நடந்தது என்னவோ மிரட்டியவர்கள் விரும்பியது, அதுவும் அவர்கள் ஒரு கையெழுத்துகூடப் போடாமல். நல்லவர்களின் அக்கறையால் ஒரு கெட்ட காரியம் இத்தனை சுத்தமாக முடிய முடியும் என்பதை நான் பல காலமாக மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டாட் தவறு செய்தார் என்று சொல்லத் துணிவு வரவில்லை. சரியாகத்தான் செய்தார் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

மௌரர் அப்போது பெர்லினில் பத்தாண்டுகளை நெருங்கிக்கொண்டிருந்தார். ஜெர்மன் குடியரசு எப்படி உள்ளிருந்தே உளுத்துப்போனது என்பதை ‘ஜெர்மனி புட்ஸ் த க்ளாக் பேக்’ என்ற நூலில் எழுதியிருந்தார். அந்த ஆண்டின் புலிட்சர் பரிசு அவருக்குத்தான். பெர்லினிலிருந்த அயல்நாட்டுப் பத்திரிகையாளர் சங்கத்தின் தலைவரும் அவரே. புதிய அரசு அவர் பதவி விலக வேண்டும் என்று நெருக்கியபோது, தன்னால் சங்கத்துக்குச் சிக்கல் வேண்டாம் என்று அவரே விலக முன்வந்தார். உறுப்பினர்கள் பெரும்பான்மை வாக்கில் அதை மறுத்துவிட்டார்கள். ஆனால் கோடையில் அதே பதவியை அவர் விட்டுக்கொடுத்தார். வியன்னாவின் ‘நோயே ஃப்ரையே பிரஸ்ஸெ’ இதழின் பெர்லின் நிருபர் பவுல் கோல்ட்மன், யூதர், எழுபதை நெருங்கிய நோயாளி, கைதுசெய்யப்பட்டிருந்தார். அவரை விடுவித்தால் தலைமைப் பதவியிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்று மௌரர் சொல்லியனுப்பினார். கோல்ட்மன் விடுதலையானார். மிரட்டலுக்குப் பணிகிற வழக்கம் மௌரருக்குக் கிடையாது. அப்படிப்பட்டவர் பணிந்த ஒரே இடம் இன்னொரு மனிதனுக்காக. அவரைப் பணியவைக்க எங்கே கை வைக்க வேண்டும் என்பதை அன்றைக்கே அவர்கள் கண்டுகொண்டிருப்பார்கள்.

அவருக்குச் செய்தி எப்படி வந்தது என்பதை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். பெர்லினில் அவருக்குத் தெரிந்த ஒரு யூத மருத்துவர் இருந்தார். தொண்டையில் கோளாறு என்று சொல்லிக்கொண்டு மௌரர் அவரிடம் அடிக்கடி போவார். தொண்டையில் ஒன்றும் இல்லை. மருத்துவர் பரிசோதிக்கும் சாக்கில் சுருட்டிய காகிதத் துண்டு ஒன்றைக் கைமாற்றுவார். யாரைக் கொண்டுபோனார்கள், யாரை அடித்தார்கள், எந்த வீட்டில் என்ன நடந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். நோயாளிகள் கண்காணிக்கப்படுகிறார்கள் என்று தெரிந்ததும் இடத்தை மாற்றினார்கள். போட்ஸ்டாமர் பிளாட்ஸில் ஒரு பொதுக் கழிப்பறை. இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்கள்போலப் பக்கத்துப் பக்கத்தில் நிற்க வேண்டும், மருத்துவர் காகிதத்தைக் கீழே நழுவவிட்டுப் போக வேண்டும், மற்றவர் பிறகு எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபினாயில் நெடியும் மூத்திர வாடையும் ஈரத் தரையுமாக இருக்கிற அந்த இடத்தில் ஒரு நகரத்தின் வாதை கைமாறிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதம் பிடிபட்டால் இருவரில் ஒருவருக்காகத் தூதர் கார் எடுத்துக்கொண்டு ஓடிவருவார். இன்னொருவருக்காக வர யாரும் இல்லை.

என் மனக்குறையின் முள் இங்கேதான் தைத்திருக்கிறது. ஓர் அயல்நாட்டுப் பத்திரிகையாளருக்கு மிரட்டல் வரும்போது தூதரகம் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று: நம் நாட்டுக் குடிமகன் பத்திரமாக இருக்கிறாரா? அது கேட்க வேண்டிய கேள்விதான். தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தமும் அந்த அளவில்தான் நிற்கிறது. பிடிபட்ட அயலார் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் போக வேண்டும், தூதரக அதிகாரி போய்ப் பார்க்கலாம், பேசலாம், வழக்கறிஞர் ஏற்பாடு செய்யலாம். அந்த மனிதர் அந்த நாட்டில் செய்துகொண்டிருந்த வேலையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை, இருக்க வழியும் இல்லை. 1933இல் அந்த ஒப்பந்தமே கிடையாது, ஆனால் வழக்கம் இருந்தது, வழக்கமும் இதே அளவில்தான் இருந்தது. ஆளைப் பத்திரமாக ஊர் சேர்த்துவிட்டால் தூதரகத்தின் கடமை முடிந்தது. மிரட்டியவர்களின் காரியமும் அதே ரயிலில் முடிந்துவிட்டது என்பதைத் தூதரகக் கோப்பில் எழுத இடமே இல்லை. ஏனென்றால் அவர்கள் குறிவைத்தது மௌரரின் உயிரை அல்ல. அவர் காதில் வந்து விழுந்துகொண்டிருந்த பேச்சை.

டாட்டுக்கு எதிராகச் சொல்வது சுலபம், அதனாலேயே நான் தயங்குகிறேன். அவர் தொழில்முறை ராஜதந்திரி இல்லை. சிகாகோ பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர், ஜெஃபர்சனின் ஜனநாயகத்தில் ஊறியவர், நாஜிகளின் அருவருப்பைச் சீக்கிரமே உணர்ந்தவர். மௌரரின் ஆவேசம் அவருக்கு ஒவ்வவில்லை என்பதும் உண்மை. உங்கள் பத்திரிகை எப்படியும் உங்களை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறது, அப்படி இல்லாதிருந்தால் கடைசிவரை மல்லுக்கு நின்றிருக்கலாம் என்கிற ரீதியில் மௌரரிடம் பேசினார். ஆபத்து கற்பனையா என்றால் அதுவும் இல்லை. மௌரர் கிளம்பிய அதே செப்டம்பர் 1ஆம் தேதி, பெர்லினில் இருந்த அமெரிக்க வானொலி விமர்சகர் எச். வி. கால்டன்பார்ன், அமெரிக்கக் கான்சல் ஜெனரல் ஜார்ஜ் மெஸ்ஸர்ஸ்மித்துக்குத் தொலைபேசியில் பேசி விடைபெற்றார். நீங்கள் எல்லோரும் சொல்கிற கொடுமை எதுவும் என் கண்ணில் படவில்லை என்றார். அன்று மாலை குடும்பத்தோடு கடைத்தெருவுக்குப் போன இடத்தில் சீருடைப் படையினரின் ஊர்வலம் வந்தது. கையை உயர்த்தி வணக்கம் வைக்க மனமில்லாமல் அவர்கள் கடைக் கண்ணாடிப் பக்கமாகத் திரும்பி நின்றார்கள். மகனின் முகத்தில் அடி விழுந்தது. யார் என்றே தெரியாத ஒரு பயணியின் பிள்ளைக்கு இந்தக் கதி என்றால், பெயரும் முகமும் தெரிந்த மௌரருக்கு என்ன ஆகியிருக்கும்? டாட் பயந்தது சரி. செத்துப்போன மௌரரால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை. உயிரோடு பாரிஸ் போனவர் இன்னும் பல ஆண்டுகள் எழுதினார்.

இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்ட பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. மௌரர் அவகாசம் கேட்டது எதற்காக? செப்டம்பர் தொடக்கத்தில் நியூரம்பர்க்கில் நடக்கவிருந்த கட்சி மாநாட்டுக்காக. ஆட்சியைப் பிடித்த பிறகு அவர்கள் நடத்தும் முதல் மாநாடு அது. அதைப் பார்த்து எழுதிவிட்டுப் போகிறேன் என்றார். அதைப் பார்க்காமலே அவர் போய்விட வேண்டும் என்பது அரசின் அவசரம். அதே மாநாட்டுக்கு டாட்டுக்கும் அழைப்பு வந்தது. இது ஒரு கட்சியின் கூட்டம், ஓர் அரசின் தூதர் போவது முறையாகாது என்று அவர் மறுத்தார். துணிச்சலான முடிவு, நான் அதை மதிக்கிறேன். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. போகக் கூடாது என்பதில் தூதருக்கு இருந்த உறுதி, போக விரும்பிய நிருபரை மூன்று நாள் நிறுத்திவைப்பதில் இல்லாமல் போனது. அந்த மாநாட்டைக் கட்சியின் சார்பில் லெனி ரீஃபன்ஸ்டால் படமெடுத்தார். மற்ற அயல்நாட்டு நிருபர்கள் ஜெர்மனியில் இருக்கத்தான் செய்தார்கள், எழுதத்தான் செய்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் அந்த வாரம் ஒரு பாடம் படித்துவிட்டார்கள்.

டாட் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. மிரட்டலை மிரட்டியவன் பெயரிலேயே எழுதி வாங்கியிருக்கலாம். ஒவ்வொரு தெருமுனையிலும் ஆள் நிறுத்தியிருந்த அரசு, மக்கள் கோபத்தை எங்களால் அடக்க முடியவில்லை என்று சொன்னால் அதை வாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்புதலாக எடுத்துக்கொண்டு ஊரறியச் செய்ய வேண்டும். பாதுகாக்க முடியாது என்றால் அதை எழுதிக் கொடுங்கள், வெளியேற்றுகிறீர்கள் என்றால் அதையும் எழுதிக் கொடுங்கள் என்று உட்கார்ந்திருக்கலாம். உத்தரவு கைக்கு வரும்வரை நிருபர் தூதரகக் கட்டடத்திலேயே தங்கியிருக்கலாம். ஒரு வருடம் கழித்து, 1934 ஆகஸ்ட் 25இல், அமெரிக்க நிருபர் டொரதி தாம்ப்ஸன் வெளியேற்றப்பட்டபோது அப்படி ஒரு காகிதம் இருந்தது. ஹிட்லரை நேரில் கண்டு, அவருடைய அற்பத்தனத்தைப் பற்றி எழுதியவர் அவர். ஹோட்டல் ஆட்லானுக்கு வந்த ரகசியப் போலீஸ்காரர் கையில் ஆணை இருந்தது, இருபத்துநான்கு மணி நேரத்தில் நாட்டைவிட்டுப் போக வேண்டும் என்று. தாம்ப்ஸன் அதைப் பிற்பாடு சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருந்தார். யார் துரத்தினார்கள், எதற்காகத் துரத்தினார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. மௌரருக்கு மாட்டிவைக்க எதுவும் கிடைக்கவில்லை. அவர் கணக்கில் இருந்தது ஓர் இடமாற்றக் கடிதமும் நண்பர்களின் வழியனுப்பும்தான். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. தாம்ப்ஸன் கிளம்பிப்போன அதே நாளில்தான் இன்னோர் அமெரிக்க நிருபர் வில்லியம் ஷைரர் பெர்லின் வந்து இறங்கினார். 1940 டிசம்பர்வரை அங்கே இருந்தார். எந்தச் சொல்லைப் போட்டால் பெட்டி படுக்கையைக் கட்ட வேண்டியிருக்கும் என்று ஒவ்வொரு நாளும் அளந்தபடியேதான் இருந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அளந்து பேசியாவது இருந்ததால்தான் பின்னால் அவரால் முழுதாக எழுத முடிந்தது. ஆனால் அந்த அளவுகோலை அவர் கையில் கொடுத்தது அவருக்கு முன்னால் நடந்த அமைதியான வழியனுப்பல்கள்தான்.

காகிதம் இல்லாமல் அனுப்பும் வித்தை அந்தக் காலத்தோடு போய்விடவில்லை. 2024 ஜனவரியில் டெல்லியில் வனெஸா தூன்யாக்குக்கு வந்ததும் வெளியேற்ற உத்தரவு அல்ல. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவில் இருந்து பிரெஞ்சு இதழ்களுக்கு எழுதிவந்தவர், இந்தியரை மணந்தவர். 2021இல் வந்த விதிப்படி ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை) அட்டை வைத்திருப்போர் பத்திரிகைப் பணி செய்ய உள்துறையின் தனி அனுமதி வேண்டும். 2022இல் அந்த அனுமதி அவருக்கு மறுக்கப்பட்டது, ஆகவே வேலை நின்றது. பிறகு வந்தது, உங்கள் ஓசிஐ அட்டையையே ஏன் ரத்துசெய்யக் கூடாது என்று கேட்கும் நோட்டீஸ். உங்கள் எழுத்து இந்தியாவைப் பற்றித் தவறான தோற்றத்தை உண்டாக்குகிறது என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். குடியரசு தினத்துக்குச் சிறப்பு விருந்தினராக பிரெஞ்சு அதிபர் மக்ரோன் வரவிருந்த வாரம் அது. ஜெய்ப்பூரில் அவரும் நம் பிரதமரும் திறந்த வாகனத்தில் போனார்கள், ஹவா மஹால் அருகே ஒரு கடையில் தேநீர் குடித்தார்கள். பிரெஞ்சுத் தரப்பு இந்த விஷயத்தைப் பேசியதா என்று கேட்டபோது நம் வெளியுறவுச் செயலர் ஒளிக்கவில்லை. பேசினார்கள், பயணத்துக்கு முன்பும் பயணத்தின்போதும் பேசினார்கள் என்றார். விதிகளுக்கு உட்பட்டு நடந்தாரா இல்லையா என்பது மட்டுமே கேள்வி என்றும் சொன்னார். பிப்ரவரி 16ஆம் தேதி தூன்யாக் கிளம்பினார். விரும்பிப் போகவில்லை என்று அறிக்கை விட்டுவிட்டுப் போனார். வேலை செய்யவும் வழியில்லாமல், முடிவு எப்போது என்றும் தெரியாமல் எத்தனை மாதம் காத்திருக்க முடியும்? பேச வேண்டியவர்கள் பேசினார்கள். பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொன்னார்கள். இரு நாட்டு உறவில் ஒரு கீறல் விழவில்லை. பெர்லினோடு டெல்லியை நான் சமன்படுத்தவில்லை, அது அறியாமை ஆகிவிடும். நீதிமன்றம் இருக்கிற நாடு இது. ஆனால் முறை ஒன்றாக இருக்கும்போது அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை, இது என் நாடு என்பதால் இன்னும் வரவில்லை. மாவோயிஸ்ட் வட்டாரங்களுக்குப் போய் எழுதியவர் அவர். அந்தக் காட்டு ஊர்களில் அவரிடம் பேசியவர்களின் பெயர் எந்த உச்சிமாநாட்டு மேசையிலும் யார் வாயிலும் வந்திருக்காது. வர வேண்டும் என்று பிரான்ஸைக் கேட்கவும் முடியாது. அவர்கள் நம்முடைய மக்கள். அவர்களுக்காகப் பேசும் கடமை நமக்குத்தான்.

பேசியவர்களுக்கு என்ன ஆகும் என்பது ஊகம் அல்ல. 1975இல் அவசரநிலை வந்த கொஞ்ச நாளிலேயே ‘வாஷிங்டன் போஸ்ட்’ நிருபர் லூயிஸ் சைமன்ஸ் சில மணி நேர அவகாசத்தில் டெல்லியிலிருந்து வெளியேற்றப்பட்டார். விமான நிலையத்தில் அவருடைய குறிப்பேடுகளைப் பறித்துக்கொண்டார்கள். பல மாதம் கழித்து அவை திரும்பி வந்தபோது, உள்ளே இருந்த பெயர்களுக்கெல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடு இழுத்திருந்தது என்றும், அந்தப் பெயர்களுக்குரியவர்களில் சிலர் சிறைக்குப் போனதைப் பின்னால் அறிந்தேன் என்றும் அவர் சொல்லியிருக்கிறார். நிருபரைப் பத்திரமாக விமானம் ஏற்றியாகிவிட்டது, தூதரகத்தின் பார்வையில் அது நல்லபடி முடிந்த விவகாரம். அந்தச் சிவப்பு மைக்கு எந்த நாட்டுத் தூதரிடம் முறையிடுவது? 2009 மே மாதம் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியின் நிக் பேட்டன் வால்ஷும் அவருடைய குழுவும் திருகோணமலையில் பிடிக்கப்பட்டு இலங்கையைவிட்டு அனுப்பப்பட்டார்கள். வவுனியா முகாம்களில் அடைபட்டிருந்தவர்களின் பேச்சை, அங்கு பெண்களுக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட கொடுமையை அவர்கள் ஒளிபரப்பியிருந்தார்கள். அனுப்பப்பட்டவர்கள் பத்திரமாக வெளியே போய்ச் சேர்ந்தார்கள். கேமராவின் முன் பேசியவர்கள் முள்கம்பிக்குப் பின்னால் அதே முகாமில், அதே காவலாளிகளின் கண் முன்னால் இருந்தார்கள். அந்த ஒளிபரப்பை நாம் இங்கே வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அந்தக் குரல்களைக் கேட்டுப் பதைத்தோம். நிருபர்களின் வெளியேற்றத்தைக் கண்டித்தோம். பேசிய பெண்ணுக்கு மறுநாள் காலை என்ன ஆனது என்று அப்போது யார் கேட்டார்கள்?

ஒரு விதிவிலக்கு எனக்குத் தெரியும், அதைச் சொல்வதில் கொஞ்சம் ஆறுதல் இருக்கிறது. 2004 மே மாதம், பிரேசில் அதிபர் லூலாவின் குடிப்பழக்கம் பற்றி ‘நியூயார்க் டைம்ஸ்’ நிருபர் லாரி ரோட்டர் ஒரு கட்டுரை எழுதினார். நல்ல கட்டுரை அல்ல என்று அந்த நாட்டில் பலர் நினைத்தார்கள், எனக்கும் அதன்மேல் பெரிய மதிப்பு இல்லை. ராணுவ ஆட்சிக்காலச் சட்டம் ஒன்றைக் கையிலெடுத்து அரசு அவருடைய விசாவை ரத்துசெய்தது. அப்போது எழுந்த எதிர்ப்பில் பெரும்பங்கு பிரேசில்காரர்களுடையது. அவர்களுடைய பத்திரிகைகள் எழுதின, அவர்களுடைய செனட்டர் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார், அவர்களுடைய நீதிபதி தடை விதித்தார். சில நாட்களில் அரசு பின்வாங்கியது. கட்டுரை பிடிக்காதவர்களும் சேர்ந்து காப்பாற்றினார்கள் என்பதுதான் அதில் பெரிது. தங்களைப் பற்றி யார் எழுதலாம் என்று அதிபர் தீர்மானிக்கத் தொடங்கினால் அடுத்த அடி தங்கள்மேல்தான் என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது. ராணுவ ஆட்சியை அனுபவித்து மீண்டவர்களுக்கு அது சொல்லித்தரத் தேவையில்லை. தூதர்கள் எத்தனை நல்லவர்களாக இருந்தாலும் இந்த வேலையை அவர்களால் செய்ய முடியாது, அவர்கள் அனுப்பப்பட்டது வேறு வேலைக்காக.

டாட்டின் கதை 1933இல் முடியவில்லை. அடுத்த நான்கு ஆண்டுகளும் அவர் நியூரம்பர்க் கட்சி மாநாட்டுக்குப் போக மறுத்தார். 1937இல் அவர் விடுப்பில் ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்து, வாஷிங்டன் அவருடைய துணை அதிகாரி பிரெண்டிஸ் கில்பர்ட்டை நியூரம்பர்க்குக்கு அனுப்பிவைத்தது. டாட் எதிர்த்து எழுதிய கடிதம் பத்திரிகைக்குக் கசிந்தது. ஜெர்மன் தரப்பு அவரை இனி ஏற்க இயலாது என்பதை வாஷிங்டனுக்குத் தெரியப்படுத்தியது. அடுத்த வசந்தம்வரை பதவியில் இருக்கலாம் என்று அவருக்குத் தரப்பட்டிருந்த வாக்கு காற்றோடு போனது. அந்த டிசம்பரிலேயே அவர் பெர்லினைவிட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. அவருக்கும் வெளியேற்ற உத்தரவு எதுவும் வரவில்லை. அவருடைய அரசே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது.